எட்டாவது மஞ்சள் துணி

நோணாங்குப்பம்
9 ஜூன் 2025

அன்புள்ள சந்திரகலா அக்காவுக்கு,

கவிநிலா எழுதுகிறேன். இரண்டு வாரமாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது என்று கோவிந்தசாமி மாமா சொன்னார். அது அணையாமல் இருந்தாலும் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். கூப்பிட்டாலும் "ம்" என்பதற்கு மேல் எதுவும் வந்திருக்காது. காரைக்காலில் உங்கள் அண்ணன் வீட்டு விலாசத்தை மாமாதான் ஒரு தீவன மூட்டையின் சீட்டில் எழுதித் தந்தார்.

நான் குதிரைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்ன கேட்டாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்போது நீங்கள் ஒரு நோட்டைக் கொடுத்து, "வாய்ல வரலன்னா கைல எழுது, எனக்கு விஷயம் தெரிஞ்சா போதும்" என்றீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் எட்டுக் குதிரையைப் பற்றியும் எழுதி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இதையும் அந்த நோட்டின் ஒரு பக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ராணிக்கு முன்னங்கால் வீக்கம் வற்றிவிட்டது. சுல்தான் வழக்கம்போலப் பக்கத்து அறைக் கதவைக் கடிக்கிறான். தும்பைக்கு லாடம் மாற்ற வேண்டும், ஆள் வரவில்லை. பிஸ்தா சரியாகச் சாப்பிடுகிறாள். அவளை யாரும் வெளியே அழைத்துப் போவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவள் எது என்றுதான் கேட்கிறார்கள். பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்னதா?" என்கிறார்கள்.

பிஸ்தா மேலிருந்து விழுந்த அந்தப் பாப்பா அறிவுமதி இன்னும் ஐ.சி.யூ.வில்தான் இருக்கிறாள். கண் திறந்தாள் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நெடுமாறன் சார் என்னை மேனேஜராகப் போட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. ஒன்றாம் தேதி ஆபீசுக்குக் கூப்பிட்டு உங்கள் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "பேப்பர்காரன், டிவிக்காரன் எல்லாம் வரான். ஒன்ன மாதிரி வாயே தொறக்காத ஆளுதான் இப்ப எனக்கு வேணும்" என்றார். நான் ஒன்பதாவதோடு நின்றவள், பதினெட்டு முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. கோவிந்தசாமி மாமா, "மேனேஜரம்மா, கொள்ளு ஊற வெச்சாச்சு, கையெழுத்து போடுறீங்களா?" என்று கிண்டல் செய்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் நாற்காலியில் நான் உட்காருவதில்லை. சின்ன ஸ்டூலை எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. மின்சாரம் போய்விட்டது. பிறகு எழுதுகிறேன்.

கவிநிலா


காரைக்கால்
17 ஜூன் 2025

கவிநிலா,

கடிதம் கிடைத்தது.

போனை நான்தான் அணைத்து அண்ணனின் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். திறந்தால் அந்த வீடியோதான் வருகிறது. தெரிந்தவர்களே அனுப்பி, "இது நீங்களா?" என்று கேட்கிறார்கள். நேற்று மீன் மார்க்கெட்டில் ஒரு பெண் என்னைக் காட்டி மகளிடம் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு அண்ணிதான் மார்க்கெட்டுக்குப் போகிறாள். போகும்போதெல்லாம், "மகாராணி வெளியில போவ முடியாது, நாமதான் போவணும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தால் நாற்காலி என்னுடையதாகிவிடுமா? உட்காருவதென்றால் அதிலேயே உட்கார். பதினோரு வருடம் நான் அதில் உட்கார்ந்திருந்தேன். வெறும் தோப்பாக இருந்த இடத்தில் முதல் கம்பியை நட்டதிலிருந்து அங்கே இருக்கிறேன். நான் போன ஆறு நாளில் நெடுமாறன் இன்னொருத்தியை வைத்துவிட்டார். உன் மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய்.

வேலை விஷயம். தும்பையை லாடம் மாற்றாமல் ஓட விடாதே. கடலூர்க்காரர் வராவிட்டால் வில்லியனூரிலிருந்து ஆளைக் கூப்பிடு. மழைக்கு முன் லாயத்தின் தரைக்கு மணல் அடி. சனி, ஞாயிறு வகுப்பில் ஒரு நேரத்தில் நாலு குழந்தைக்கு மேல் ஏற்றாதே. நெடுமாறன் ஏற்றச் சொல்வார். முடியாது என்று சொல். சொல்லத்தானே சம்பளம்.

இப்போது நான் கேட்பதற்கு யோசித்துப் பதில் எழுது. நம்முடைய முறை உனக்குத் தெரியும். சேணம் வைத்து வயிற்று வாரை இறுக்குவது ஒருவர். குதிரையை ஒரு சுற்று நடத்திவிட்டு, இரண்டாவது தடவை வாரை இழுத்துப் பார்த்து, சேணத்தில் மஞ்சள் துணியைக் கட்டுவது இன்னொருவர். குதிரை முதலில் மூச்சைப் பிடித்து வயிற்றை ஊதிக்கொள்ளும், நடந்த பிறகுதான் விடும். பிஸ்தா இதில் எல்லாரையும் ஏமாற்றுகிறவள். துணி இல்லாத குதிரையில் குழந்தை ஏறக்கூடாது. இந்த முறையை வைத்தது நான். துணி கிழித்ததும் என் பழைய சேலையிலிருந்துதான்.

அன்றைக்கு பிஸ்தாவின் சேணத்தில் துணி இருந்தது. போலீஸ் எடுத்த போட்டோவில் தெளிவாக இருக்கிறது. ஸ்டேஷனில் என் இடுப்புப் பையைத் திறந்தபோது அதில் ஒரு துணிகூட இல்லை. முதல் நாள் எட்டையும் துவைத்துக் காயவைத்து என் பையில் போட்டது நீதான். எட்டையும் போட்டாயா?

எட்டும் பையில் இருந்தது என்றால், எட்டையும் கட்டியது நான். அப்படியென்றால் இழுத்துப் பார்க்காமலே கட்டியிருக்கிறேன். எனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

சந்திரகலா


நோணாங்குப்பம்
28 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வில்லியனூர் ஆள் வந்து தும்பைக்கு லாடம் அடித்துவிட்டார். மணல் இரண்டு வண்டி வந்தது. சனிக்கிழமை வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. பெற்றோர்கள் போன் செய்கிறார்கள். எடுத்துவிட்டு மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். மாமா அதட்டுகிற குரலில், "மேனேஜரம்மா ரவுண்ட்ஸ்ல இருக்காங்க" என்கிறார். ஒரு நாள் அப்படிச் சொன்னபோது நான் அவர் பக்கத்திலேயே மேசைக்கு அடியில் விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிஸ்தாவைச் சார் விற்றுவிட்டார். கடற்கரையில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறவர் ஒருவர் வந்து அழைத்துப் போனார். வேனில் ஏற மறுத்து முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். நான்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நான் முன்னால் நடந்தால் எங்கே வேண்டுமானாலும் பின்னால் வருவாள் என்று உங்களுக்குத் தெரியும். நான் முன்னால் நடந்தேன். உள்ளே போனதும் கயிற்றைக் கட்டிவிட்டுப் பக்கவாட்டில் இறங்கிவிட்டேன். விற்றதற்கான தாளில் மேனேஜர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு குதிரை இல்லாமல் லாயம் கோணலாக இருக்கிறது. சுல்தான் கதவைக் கடிப்பதை நிறுத்திவிட்டான்.

என் அப்பா முருகையனை உங்களுக்குத் தெரியும். மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வாட்ச்மேனாக இருக்கிறாரே. மேனேஜர் என்றதும் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது என்பதற்காகவே படிப்பை விட்டவள் நான். அதை வைத்து அப்பாவை எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். இப்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆமாம் அக்கா. எட்டையும் பையில் போட்டேன்.

கவிநிலா


காரைக்கால்
11 ஜூலை 2025

கவி,

உன் பதில் வந்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் நன்றாகத் தூங்கினேன். சந்தேகம் இருந்தவரை தூக்கம் இல்லை. தீர்ந்ததும் வந்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பார்த்தேன். கோடை முகாமின் கடைசி நாள். பந்தல் போட்டிருக்கிறது. பெற்றோர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று நெடுமாறன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ராணிக்குக் கட்டியது நினைவிருக்கிறது. சுல்தானுக்குக் கட்டும்போது அவன் என் தோளை முட்டியது நினைவிருக்கிறது. பிஸ்தாவுக்குக் கட்டியது முதலில் நினைவில் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு நினைவு வந்துவிட்டது. என் விரலில் அந்தத் துணியின் முடிச்சுகூடத் தெரிகிறது. அவள் வயிறு ஊதியிருந்ததும், நான் விருந்தினர் பக்கம் திரும்பிக்கொண்டே கட்டியதும் படம் மாதிரி தெரிகிறது. இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது என்றுதான் புரியவில்லை. என் கையை நானே நம்ப முடியாமல் போய்விட்டது.

அண்ணன் மகளுக்கும் அறிவுமதி மாதிரியே ஒன்பது வயது. காலையில் தலை பின்னிவிடச் சொல்லி சீப்போடு வருவாள். இப்போது வந்தால், "அம்மாகிட்ட போ" என்று அனுப்பிவிடுகிறேன்.

நெடுமாறனின் வக்கீல் வந்திருந்தார். செப்டம்பர் 22ஆம் தேதி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், பள்ளியின் மேல் எதுவும் வராது என்கிறார். "இல்லன்னா வருஷக்கணக்குல இழுக்கும்மா, அந்தப் புள்ளயோட அம்மாவும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நிக்கணும்" என்றார். ஒப்புக்கொண்ட பிறகு நான் எந்தக் குதிரைப் பள்ளிக்குள்ளும் வேலைக்காக நுழைய முடியாது. எனக்கு வேறு வேலை தெரியாது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். செய்தது நான்தானே.

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று நேரில் பார்த்து எழுது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதாதே. உப்பளம் பகுதியில் வீடு. முகாம் பதிவேட்டில் விலாசம் இருக்கும்.

பிஸ்தா கடற்கரை மணலில் நின்று பழகியவள் இல்லை. குளம்பு காயும். அந்த ஆளிடம் எண்ணெய் தடவச் சொன்னாயா?

சந்திரகலா


நோணாங்குப்பம்
6 ஆகஸ்ட் 2025

அக்கா,

இந்தக் கடிதத்தில் குதிரைகளைப் பற்றி எழுதவில்லை.

உப்பளத்துக்குப் போய் வந்தேன். மூன்று நாள் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பினேன். நாலாவது நாள் மாடிப் படி ஏறிவிட்டேன். கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மா, சிவசங்கரி, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். என்னைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்புன பிசியோ பொண்ணா? காலையிலேர்ந்து பாத்துனு கெடக்கறேன், உள்ள வாம்மா" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. உள்ளே போய்விட்டேன்.

அறிவுமதிக்கு மொட்டை அடித்திருக்கிறார்கள். தலையில் ஒரு பக்கம் தையல் தழும்பு. கண் திறந்திருக்கிறது. மின்விசிறியைப் பார்க்கிறது, அம்மாவையும் அதே மாதிரிதான் பார்க்கிறது. மூக்கில் குழாய். "பேரு சொல்லி கூப்பிட்டா திரும்புவான்னு சொன்னாங்க, நீ கூப்பிடு" என்றார். நான் கூப்பிடவில்லை. "சரி, முட்டிய மடக்கி வுடு, நேத்து வந்தவ பத்து பத்தா செஞ்சா" என்றார். நான் அவள் காலைப் பிடித்தேன். குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பு பார்க்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுப்போமே, அப்படிப் பிடித்துப் பத்துத் தடவை மடக்கினேன். பிறகு அடுத்த கால். எடையே இல்லை அக்கா.

அந்த அம்மா எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மேனேஜர் பொம்பள, சந்திரகலாவாம், நல்லா இருப்பாளா? அவ கட்டுன துணிய பாத்துதானே எம்புள்ளய ஏத்தினாங்க. அவ கை அழுவிப் போவும்" என்றார். நான் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் துணியை நீங்கள் கட்டவில்லை. நான் கட்டினேன்.

முதல் நாள் துவைத்ததில் ஒன்று மட்டும் காயவில்லை. அதனால் ஏழைத்தான் உங்கள் பையில் போட்டேன். எட்டாவது என் சட்டைப் பையில் இருந்தது. காலையில் தரலாம் என்று நினைத்தேன். அன்று காலை பிஸ்தாவுக்குச் சேணம் வைத்து வாரை இறுக்கியது நான். ஒரு சுற்று நடத்தினேன். இரண்டாவது தடவை பார்க்க உங்களைக் கூப்பிட வேண்டும். எல்லாரும் "அக்கா, செகண்ட்!" என்று கத்துவார்கள். நான் மட்டும் எப்போதும் வந்து உங்கள் முழங்கையைத் தொடுவேன். நீங்கள், "இன்னாடி, வாய்ல கொழுக்கட்டையா?" என்று சிரித்துக்கொண்டு வருவீர்கள். அன்றைக்கு நீங்கள் பந்தலில் இருந்தீர்கள். உங்களைச் சுற்றி நூறு பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் போன். அதற்குள் நுழைந்து உங்கள் கையைத் தொட என்னால் முடியவில்லை. இங்கிருந்து கத்தினால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. மைக்கில் அறிவுமதி பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் ஓடி வந்துவிட்டாள். நானே வாரை ஒரு தடவை இழுத்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. பிஸ்தா என்னிடம் மூச்சைப் பிடித்து ஏமாற்ற மாட்டாள் என்று நினைத்தேன். துணியைக் கட்டிவிட்டேன்.

இரண்டாவது சுற்றில் சேணம் சரிந்தது. மீதியை நீங்கள் பார்த்தீர்கள்.

நீங்கள் கேட்டபோது எட்டு என்று எழுதினேன். அப்பா நிமிர்ந்து நடக்கிறார் என்று அதற்கு முன்னால் எழுதியது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். உங்கள் விரலில் முடிச்சு தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது தெரிந்திருக்க முடியாது. இல்லாத ஒன்றை நான் உங்களுக்கு நினைவில் வைத்துவிட்டேன்.

கவிநிலா


காரைக்கால்
19 ஆகஸ்ட் 2025

கவிநிலா,

பத்து நாளாக நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

உன் கடிதத்தைப் படித்ததும் என் கையைத்தான் பார்த்தேன். பிறகு அண்ணன் மகளைக் கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டேன். அவள், "அத்த, வலிக்குது, இவ்ளோ இறுக்காதீங்க" என்று கத்தினாள். அதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. அப்போதுதான் வந்தது.

கூப்பிடக் கூச்சமாக இருந்தது என்கிறாய். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். உன்னைப் பற்றித் தெரிந்திருந்தும், நீ வந்து முழங்கையைத் தொட்டால் போதும் என்று இரண்டு வருடம் விட்டது நான்தான். ஒரு குழந்தையின் உயிர் தொங்குகிற இடத்தில் நிற்கிறவளுக்கு வாய் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். குழந்தை ஏறுவதற்கு முன் நானே ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அந்தக் குற்றம் என்னுடையதுதான். அதிலிருந்து தப்பிக்க நான் எந்த வழியும் தேடவில்லை.

ஆனால் எட்டு என்று எழுதினாயே, அதற்குக் கூச்சத்தின் மேல் பழி போடாதே. பேசுவதற்குத்தான் உனக்குக் கூச்சம். எழுதுவதற்கு இல்லை. நீ எழுதினால் அதில் பொய் இருக்காது என்று நம்பித்தான் அந்த நோட்டைக் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தை நான் வக்கீலிடம் காட்டப் போவதில்லை. போன் இருக்கிற இடத்தில் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். உன் பெயரும் என் வாயிலிருந்து வராது. பெரிய மனசு என்று நினைத்துக்கொள்ளாதே. கடிதத்தைக் காட்டினால் நீ மறுபடியும் பேசாமல் தப்பித்துவிடுவாய். அதற்கு நான் வழி செய்ய மாட்டேன். 22ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். உண்டா இல்லையா என்று கேட்பார்கள். வக்கீலிடம் சொன்னபடி உண்டு என்று சொல்வேன். சொல்ல வேண்டியது உனக்கு ஏதாவது இருந்தால், அதற்கு முன்னால் நீ வந்து வாயால் சொல்ல வேண்டும். உன் அப்பா அதற்குப் பிறகு எப்படி நடப்பார் என்பது எனக்குத் தெரியாது.

அந்த வீட்டுக்கு இனி பிசியோ பெண்ணாகப் போகாதே.

சந்திரகலா


நோணாங்குப்பம்
15 செப்டம்பர் 2025

அக்கா,

நெடுமாறன் சாரிடம் சொன்னேன். வாயால் இல்லை, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "நல்ல பொண்ணு நீ. பேசாத. பேசாம இருந்தா எல்லாருக்கும் நல்லது. அவங்க எப்படியும் ஒத்துக்கப் போறாங்க" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை பேட்ச்ல ஆறு பசங்கள ஏத்து" என்றார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைத்தான் ஏற்றினேன். மற்ற இரண்டு பேரின் பெற்றோர்கள் என்னைத் திட்டினார்கள். நின்று கேட்டுக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "போலீஸ் ஒன்ன புடிச்சினு போனா நான் இன்னா பண்ணுவேன் கவி? போவாத" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாளாகப் பேசவில்லை. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர் பேசாதவர்கள்.

தினமும் காலையில் தோப்புக்குள் போய்க் கத்திப் பார்க்கிறேன். முதல் நாள் காற்றுதான் வந்தது. இரண்டாவது நாள் இருமல். நேற்று "அக்கா" என்று வந்துவிட்டது. லாயத்தில் ஏழு குதிரையும் தலையைத் தூக்கிப் பார்த்தன. கோவிந்தசாமி மாமா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, "இன்னாம்மா, பாம்பா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொன்னேன். வாயால்தான் சொன்னேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் அங்கே மரம்தான் இருக்கிறது. ஆட்கள் இல்லை.

வருவேன் என்று எழுதப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டு வராமல் போனால் அது இன்னொரு எட்டாகிவிடும். அதனால் எழுதவில்லை.

கவிநிலா


காரைக்கால்
25 செப்டம்பர் 2025

கவி,

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். படியில் நின்றது நான். அங்கிருந்து எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது.

பத்தே காலுக்கு வக்கீல் என்னைக் கோர்ட்டுப் படியின் மேல் நிறுத்தி, "கேட்டா ஒரே வார்த்த. அழக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே வாசல் வரைக்கும் கூட்டம். வக்கீல்கள், போலீஸ், டீ கிளாஸோடு நிற்கிறவர்கள். சிவசங்கரி ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உன்னைத் தேடினேன். இல்லை. சரி என்று திரும்பிவிட்டேன். உள்ளே என் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் கத்தினாய். "அக்கா, செகண்ட்!" என்று. வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்து. யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். உன் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உனக்குப் பின்னால் நின்றார். நான் அசையவில்லை. பதினோரு வருடப் பழக்கத்தில் இடுப்புப் பை இருக்கிற இடத்துக்கு என் கை போனது.

உள்ளே நீ சொல்ல ஆரம்பித்ததும் நீதிபதி, "கேக்கல, சத்தமா சொல்லும்மா" என்றார். மறுபடியும் சொன்னாய். சேணம், ஏழு துணி, சட்டைப் பை, பந்தல், எல்லாம். ஒன்றையும் விடவில்லை. நெடுமாறனின் வக்கீல் இரண்டு தடவை குறுக்கே பேசினார். நீ நிறுத்திவிட்டு அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாய். என் ஒப்புதலை நீதிபதி எழுதிக்கொள்ளவில்லை. போலீஸ் மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று தள்ளி வைத்துவிட்டார். இனி இரண்டு பேர் பெயரும் இருக்கும். எத்தனை வருடம் ஆகும் என்று தெரியாது. வக்கீல் பயப்பட்டது அதற்குத்தான்.

வெளியே வந்தபோது சிவசங்கரி உன்னை வழி மறித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ அன்னிக்கு எம்புள்ள கால புடிச்சியே" என்றார். உன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அந்த வீட்டில் குழந்தை இன்னும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாம் இரண்டு பேரும் உண்மை பேசியதால் அவள் அம்மா பக்கம் திரும்பிவிடவில்லை.

உன்னிடம் பேசாமல் நான் பஸ் ஏறிவிட்டேன். நீ நின்றுகொண்டிருந்தது தெரியும். உன்னை மன்னித்துவிட்டேனா என்று வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

நெடுமாறன் உன்னை வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். சாவியைக் கொடுப்பதற்கு முன் சுல்தானின் அறைக்கதவை மாற்றச் சொல்லிவிட்டுப் போ. மரத்தில் ஆணி வெளியே வந்திருக்கும்.

பஸ்ஸில் இன்னொன்றும் யோசித்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோர்ட்டு கேட்டிலிருந்து நான் நின்ற படி வரைக்கும் இருநூறு அடி இருக்கும். நடுவில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு பேச்சு. அத்தனையையும் தாண்டி உன் குரல் என் காதுக்கு வந்தது.

பந்தலுக்கும் பிஸ்தா நின்ற இடத்துக்கும் நடுவில் நாற்பது அடிதான் கவி.

சந்திரகலா